செங்கல் கிடங்குக்குள் இருக்கும் இரும்பு

லிவர்பூல் போய்வந்தவர்கள் ஆல்பர்ட் டாக் என்ற பழைய கப்பல்துறை முன்னால் நின்று எடுத்த படத்தைத் தவறாமல் காட்டுவார்கள். நடுவில் தண்ணீர், அதைச் சுற்றி ஐந்து மாடிச் செங்கல் கட்டடங்கள், கரையோரமாகச் செம்மை பூசிய தடித்த உருண்டைத் தூண்கள். "அந்தக் காலத்துச் சுவர், அதான் இன்னும் நிக்குது" என்பார் ஒருவர். "தீயே பிடிக்காத கட்டடமாம்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதிதான் உண்மை.

அதே படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தண்ணீர்ப் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய செங்கல் சுவர் தரையைத் தொடவே இல்லை. அந்த உருண்டைத் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தூண்கள் இரும்பு, அதுவும் உள்ளே காலியான இரும்பு. செங்கல் கட்டடம் என்று நாம் சொல்வதைத் தாங்கிக்கொண்டிருப்பது வேறொன்று. விக்டோரியா காலத்துக் கிடங்கு, அதாவது 1837 முதல் 1901 வரை விக்டோரியா ராணி ஆண்ட காலத்தில் பிரிட்டனின் துறைமுக, ஆலை நகரங்களில் எழும்பிய கிடங்கு, எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கணக்கு, சூத்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பந்தலும் ஒரு தோசைக்கல்லும் தெரிந்திருந்தால் போதும்.

## கிடங்கு எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

குடோன் என்று நாம் சொல்லும் சொல் ஒரு சுற்று சுற்றி வந்தது. தென்னிந்திய மொழிகளின் கிடங்கு, கிட்டங்கி போன்ற சொற்கள் மலாய்க்குப் போய், அங்கிருந்து ஐரோப்பிய வியாபாரிகள் வாயில் புகுந்து, ஆங்கிலச் சொல்லாகத் திரும்பி வந்தது என்பது சொல்லாராய்ச்சி செய்பவர்கள் பலரும் சொல்லும் கதை. சொல் எப்படி வந்திருந்தாலும் வேலை ஒன்றுதான்: சரக்கை அடுக்கி வைப்பது.

அடுக்கி வைப்பது என்றால் எவ்வளவு எடை? ஓர் அரிசி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ மூட்டைகளைப் பத்து உயரத்துக்கு அடுக்கினால், ஒரு சதுர மீட்டர் தரை மேல் ஏறத்தாழ ஒரு டன் உட்காரும். இன்று நாம் கட்டும் வீட்டு மாடிகளை, ஆட்களுக்கும் மேசை நாற்காலிக்கும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். அதைப்போல் ஐந்து மடங்கு எடை, அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து மாடி. துறைமுகத்தை ஒட்டிய நிலம் விலை அதிகம், பக்கவாட்டில் பரவ முடியாது. அதனால் கிடங்குகள் மேலே போயின.

இத்தனை எடையை வெளிச்சுவர் மட்டும் தாங்க முடியாது. சுவர் ஓரத்தில்தான் இருக்கிறது, சரக்கு நடுவிலும் இருக்கிறது. நடுவில் இருக்கும் எடையைத் தரைக்குக் கொண்டுபோக உள்ளே ஏதாவது வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அந்த ஏதாவது மரமாக இருந்தது. மரத் தூண், மர உத்தரம், மேலே பலகைத் தளம். அங்கேதான் சிக்கல்.

## நெருப்புப் பயம்

மரத் தளத்தின் மேல் பஞ்சுப் பொதி, எண்ணெய், சாராயப் பீப்பாய், சர்க்கரை. பக்கத்திலேயே மெழுகுவத்தியோ விளக்கோ ஏந்தியபடி வேலை பார்க்கும் ஆட்கள். விளைவைச் சொல்லத் தேவையில்லை. 1791-இல் லண்டனில் தேம்ஸ் கரையில் நீராவியால் ஓடிய பெரிய மாவாலையான ஆல்பியன் மில் எரிந்து போனது. 1842-இல் லிவர்பூலில் ஃபார்ம்பி தெருவைச் சுற்றி இருந்த கிடங்குகள் எரிந்து, நகரமே அதிர்ந்தது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. கட்டடம் போனால் திரும்பக் கட்டலாம், உள்ளே இருக்கும் சரக்கு கட்டடத்தைவிடப் பல மடங்கு விலை என்பது வியாபாரிகளின் கவலை.

மரத்தைத் தூக்கிவிட்டு இரும்பை வை என்ற யோசனை இந்தப் பயத்தில் பிறந்தது. 1797-இல் ஷ்ரூஸ்பரி நகருக்கு வெளியே டிதரிங்டன் என்ற இடத்தில் சார்லஸ் பேஜ் என்பவர் ஓர் ஆளிச்செடி நார் ஆலை கட்டினார். தூணும் இரும்பு, உத்தரமும் இரும்பு. உள்ளே முழுக்க இரும்புச் சட்டம் கொண்ட பலமாடிக் கட்டடங்களில் உலகிலேயே முதலாவது அதுதான். கட்டடம் இன்றும் நிற்கிறது. பழுதுபார்த்து, 2022-இல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். வானளாவிய கட்டடங்களின் பாட்டி என்று அதைச் சொல்வார்கள், அந்தப் பெயர் அதற்குத் தகும்.

ஆலையில் தொடங்கிய முறை கிடங்குக்கு வந்தது. லிவர்பூல் துறைமுகத்தின் என்ஜினியர் ஜெஸ்ஸி ஹார்ட்லி, ஆல்பர்ட் டாக்கை வடிவமைக்கும்போது மாதிரிக் கட்டுமானங்கள் எழுப்பி, அவற்றைக் கொளுத்தியே பார்த்தார். அப்புறம்தான் வார்ப்பிரும்பு (உருக்கி அச்சில் ஊற்றிய இரும்பு), செங்கல், கல் என்று முடிவுக்கு வந்தார். 1846-இல் இளவரசர் ஆல்பர்ட் திறந்துவைத்தபோது அந்தக் கட்டடங்களைத் தாங்கும் சட்டத்தில் எங்கும் மரம் இல்லை. கூரைகூடத் தேனிரும்புத் தகடுகளை, அதாவது அடித்து நீட்டிய இரும்புத் தகடுகளை, ரிவெட் அடித்துச் சேர்த்தது. (அடியில் மட்டும் மரம் உண்டு. சேற்று நிலம் என்பதால் ஆயிரக்கணக்கான மரக்கட்டைகளை அடித்து இறக்கித்தான் அடித்தளம் போட்டார்கள். ஈரத்திலேயே புதைந்து கிடக்கும் மரம் எரியாது, லேசில் மக்கவும் செய்யாது.)

இதுவரை பார்த்தது: கிடங்கு வீட்டைவிடப் பல மடங்கு எடை தாங்க வேண்டும். அதை உள்ளே மரம் தாங்கியது, மரம் எரிந்தது, அதனால் இரும்பு வந்தது.

## பந்தலும் சுவரும்

கல்யாணப் பந்தலுக்குச் சுவர் கிடையாது. கால் நட்டு, மேலே குறுக்கு மூங்கில் கட்டி, அதன்மேல் கீற்றுப் போடுகிறார்கள். எடை கீற்றிலிருந்து குறுக்கு மூங்கிலுக்கு, அங்கிருந்து காலுக்கு, காலிலிருந்து மண்ணுக்குப் போகிறது. இப்படித் தூணும் உத்தரமுமாக எடையைக் கீழே இறக்கும் எலும்புக்கூட்டைச் சட்டகம் என்போம். நேர்மாறாகக் கிராமத்து மண்வீட்டில் கூரையின் எடை நேராகச் சுவரில் இறங்குகிறது. சுவரை இடித்தால் கூரை விழும். அது சுமைதாங்கும் சுவர்.

விக்டோரியா கிடங்கு இந்த இரண்டின் கலவை. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். உள்ளே பந்தல், ஓரத்தில் மண்வீடு. நடுவில் வரிசை வரிசையாக இரும்புத் தூண்கள். உத்தரங்களின் ஒரு முனை தூணின் மேல், கடைசி உத்தரத்தின் மறுமுனை வெளிச்சுவருக்குள். பந்தலைத் தள்ளினால் ஆடும் இல்லையா? அந்த ஆட்டத்தை நிறுத்துவதும் வெளிச்சுவரின் வேலை. கீழே தடியாகத் தொடங்கி மேலே போகப் போக மெலியும் அந்தச் சுவர்தான் முழுக் கட்டடத்தையும் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. ஆக, சுவர்தான் எல்லாம் என்பதும் தப்பு, சுவர் வெறும் போர்வை என்பதும் தப்பு. சுவரின் உதவியே இல்லாமல் இரும்புச் சட்டகம் மட்டும் தனியாக நிற்கும் பலமாடிக் கட்டடம் பிரிட்டனில் 1860-இல்தான் வந்தது, ஷீர்னெஸ் கடற்படைத் தளத்தின் படகுக் கிடங்காக.

தூண் ஏன் உள்ளே காலி? மூங்கிலைப் பாருங்கள். அதே அளவு பொருளைக் கெட்டியான குச்சியாக வைத்தால் மெல்லியதாக இருக்கும், மேலிருந்து அழுத்தினால் நடுவில் வளைந்து பிதுங்கும். குழாயாக விரித்தால் அவ்வளவு சீக்கிரம் பிதுங்காது. ஆல்பர்ட் டாக்கின் கரையோரத் தூண்கள் 15 அடி உயரம், ஒரே ஆள் கையால் சுற்றிக் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அத்தனையும் கெட்டி இரும்பாக வார்த்திருந்தால் செலவும் எடையும் எங்கேயோ போயிருக்கும்.

## தலைக்கு மேலே இருக்கும் வளைவு

இந்தக் கட்டடங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மேற்கூரையின் அடிப்பக்கம். ஆல்பர்ட் டாக்கில் அந்த வரிசைத் தூண்களுக்குப் பின்னால் நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். தட்டையான கூரை தெரியாது. செங்கலால் ஆன ஆழமில்லாத வளைவுகள் அலை அலையாகப் போகும். இரண்டு வளைவுகள் சேரும் பள்ளத்தில் ஓர் இரும்பு விளிம்பு கோடுபோல ஓடும். அந்த விளிம்பு உத்தரத்தின் அடிப்பாகம். வளைவின் இரு கால்களும் அதன்மேல்தான் நிற்கின்றன. மேலே வளைவின் முதுகை மட்டம் செய்து, தளம் போட்டு, சரக்கை அடுக்கினார்கள். இந்தக் குட்டி வளைவுக்கு ஜாக் ஆர்ச் என்று பெயர். நம் ஊரிலும் பழைய ரயில்வே கட்டடங்கள் சிலவற்றில் இதே கூரையைப் பார்க்கலாம். மரக்கட்டைகளின் மேல் செங்கலைச் சாய்வாகக் குத்தி அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

வளைவு எதற்கு? செங்கல்லும் சுண்ணாம்பும் நசுக்குவதைத் தாங்கும். இழுத்தால் பிரிந்துவிடும். வளைவாக அடுக்கினால் மேலே இருக்கும் எடை ஒவ்வொரு செங்கல்லையும் பக்கத்துச் செங்கல்லோடு நெருக்கவே செய்யும், பிரிக்காது. பெஞ்சில் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது நடுவில் ஒருவன் தன்னைத் திணித்துக்கொண்டால் என்ன ஆகும்? ஓரத்தில் இருப்பவன் கீழே விழுவான். வளைவும் அப்படித்தான். தன்மேல் விழும் எடையை இரண்டு ஓரத்துக்கும் தள்ளுகிறது. இதுதான் வளைவின் உந்துதல்.

நடு வளைவுகளுக்குப் பிரச்சினை இல்லை, ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளிச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் கடைசி வளைவு வெளிச்சுவரைத் தள்ளும். அதைத் தடுக்க ஓர் உத்தரத்தையும் அடுத்த உத்தரத்தையும் இரும்புக் கம்பியால் கோத்து இறுக்கினார்கள். இது இழுகம்பி. அண்ணாந்து பார்க்கும்போது வளைவுகளுக்குக் குறுக்கே விரல் தடிமனுக்குச் சில இடங்களில் கம்பி தெரியும். துணி காயப்போட யாரோ கட்டியதுபோல இருக்கும். அதை அறுத்தால் ஆபத்து.

## தோசைக்கல் சொல்லும் பாடம்

இரும்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டோம். விக்டோரியா காலத்து இரும்பு இரண்டு வகை, இரண்டுக்கும் குணம் வேறு.

பழைய கனமான தோசைக்கல் ஒன்று கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாகப் பிளக்கும். அது வார்ப்பிரும்பு: உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தது. இரும்புத் தகட்டில் அடித்த கல் விழுந்தால் நெளியும், பிளக்காது. அடித்து நீட்டிய அந்த வகைதான் அன்று தேனிரும்பு. வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம், அதனால் நொறுங்கும் குணம். தேனிரும்பில் கார்பன் மிகக் குறைவு.

சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து நேராக அழுத்தினால் அவ்வளவு லேசில் உடையாது. கொஞ்சம் வளைத்தால் பட்டென்று ஒடியும். வார்ப்பிரும்பும் அந்தச் சாதிதான். அழுத்துவதை, அதாவது அமுக்கத்தை, அபாரமாகத் தாங்கும். இழுத்தால், அதாவது இழுவிசை வந்தால், பலம் ஐந்தாறில் ஒரு பங்காகிவிடும். தூணுக்கு அமுக்கம் மட்டும்தான், அதனால் வார்ப்பிரும்பு அங்கே அருமையான பொருள். இழுகம்பிக்கு இழுவிசை மட்டும்தான், அதனால் அங்கே தேனிரும்பு.

உத்தரம்தான் தலைவலி. பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றை இரண்டு விரல்களின் மேல் பாலம்போல வைத்து, நடுவில் கீழ்நோக்கி அழுத்துங்கள். மேல்பக்கம் சுருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். ஒரே பொருளில் மேலே அமுக்கம், கீழே இழுவிசை. வார்ப்பிரும்பு உத்தரம் உடைந்தால் கீழ்விளிம்பிலிருந்துதான் உடையத் தொடங்கும். ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் என்பவர் மான்செஸ்டரில் சோதனை மேல் சோதனை செய்து, 1830 வாக்கில் இதற்கு ஒரு வழி சொன்னார்: கீழ்விளிம்பில் இரும்பை அதிகம் வை, மேல்விளிம்பில் குறை. அந்தக் காலத்து உத்தரங்களின் அடி அகலமாக இருப்பது இதனால்தான். அந்த அகலமே செங்கல் வளைவு வந்து உட்கார வசதியான திண்ணையாகவும் ஆனது. ஒரு வடிவம் இரண்டு வேலை பார்க்கிறது. இப்படிப்பட்ட இடங்களில்தான் அந்த என்ஜினியர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

ஆனாலும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. 1847 மே மாதம் செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் ஒடிந்து ரயில் ஆற்றில் விழுந்தது, ஐந்து பேர் இறந்தார்கள். பாலத்தை வடிவமைத்தவர் அன்றைய பெரும் பெயர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்டீஃபன்சன். வார்ப்பிரும்பு முன்னறிவிப்புக் கொடுக்காமல் போகும் என்பது எல்லோருக்கும் உறைத்த நாள் அது.

சுருக்கமாக: தூண் வார்ப்பிரும்பு, கம்பி தேனிரும்பு, உத்தரம் அடி அகன்ற வார்ப்பிரும்பு, அவற்றுக்கு இடையில் செங்கல் வளைவு.

## "தீப்பிடிக்காத" என்றால் என்ன?

இந்தக் கட்டடங்களைத் தீப்பிடிக்காதவை என்றே அன்று விளம்பரம் செய்தார்கள். கட்டடம் எரியாது என்பது சரிதான், இரும்பும் செங்கலும் விறகல்ல. ஆனால் உள்ளே இருக்கும் பஞ்சும் எண்ணெயும் எரியுமே? அந்தச் சூட்டில் இரும்பு என்ன ஆகும்?

மூன்று விஷயம் நடக்கும். முதலில் நீளும். 10 மீட்டர் உத்தரம் 500 டிகிரி சூடேறினால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, வெளிச்சுவரைத் தள்ளும். அப்புறம் பலம் குறையும். உத்தரத்தின் இருபக்கமும் செங்கல் மூடியிருக்கிறது, ஆனால் கீழ்விளிம்பு மட்டும் வெளியே தெரிகிறது என்று பார்த்தோம். இழுவிசையைத் தாங்கும் உயிர்நாடியான விளிம்பு அதுதான், நேராகத் தீயில் வாட்டப்படுவதும் அதுதான். மூன்றாவது, அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் தோசைக்கல்லில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும் என்று வீட்டில் திட்டுவார்களே, அதேதான். தீயணைப்புக் குழாயின் தண்ணீர் காய்ந்த வார்ப்பிரும்புத் தூணில் பட்டால் தூண் பிளக்கலாம்.

லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் இதை முன்கூட்டியே சொன்னவர். 1849-இல் சிவில் என்ஜினியர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரையே படித்தார். அவர் பார்வையில் வார்ப்பிரும்பு வைத்த கிடங்கு தீயில் மரக் கிடங்கைவிடவும் நம்ப முடியாதது. தடித்த மரம் கருகிக் கருகி மெதுவாகத்தான் பலம் இழக்கும், ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். இரும்பு அந்த நேரத்தைத் தராது.

1861 ஜூன் 22-ஆம் தேதி தேம்ஸ் தென்கரையில் டூலி தெருக் கிடங்குகளில் தீ. சணல், பஞ்சு, கொழுப்பு, சர்க்கரை, தேயிலை. உருகிய கொழுப்பு ஆற்றில் மிதந்தபடியே எரிந்தது. கிடங்குக்கும் கிடங்குக்கும் நடுவில் இரும்புக் கதவுகள் இருந்தன. அவை திறந்தே கிடந்தன. பிரெய்ட்வுட் அன்று தன் ஆட்களோடு நிற்கும்போது சுவர் சரிந்து விழுந்து இறந்தார். தீ முழுதாக அடங்க இரண்டு வாரம் ஆனது. காப்பீட்டு நிறுவனங்களே நடத்திவந்த தீயணைப்புப் படை போய், 1866-இல் லண்டனுக்குப் பொதுப் படை வர இந்தத் தீ காரணமானது.

ஆக, அந்தச் சொல்லை இப்படி எடுத்துக்கொள்ளலாம்: சிறிய தீ வந்தால் கட்டடம் அதற்கு இரையாகாது, தடித்த குறுக்குச் சுவரும் மூடிய இரும்புக் கதவும் இருந்தால் தீ அடுத்த அறைக்குத் தாவாது. பெரிய தீக்கு முன்னால் எந்த உறுதிமொழியும் இல்லை.

## மான்செஸ்டரில் மட்டும் ஏன் அரண்மனை?

லிவர்பூல் கிடங்குகளில் ஜன்னல் சிறிது, அலங்காரம் குறைவு. கப்பல் சரக்கைச் சுங்கவரி கட்டும்வரை பூட்டிவைக்கும் இடம் அது, திருடன் உள்ளே வரக் கூடாது. கப்பலிலிருந்து நேராக உள்ளே ஏற்றும் வசதிதான் முக்கியம். 1848-இலேயே அங்கே நீரழுத்தத்தால் இயங்கும் பளுதூக்கிகள் வந்துவிட்டன.

மான்செஸ்டர் கிடங்கோ துணி விற்கும் இடம். 1856-இல் போர்ட்லண்ட் தெருவில் எழுந்த வாட்ஸ் கிடங்கில் மாடிக்கு மாடி ஒவ்வொரு பாணி. இத்தாலியப் பாணி ஒன்றில், பிளெமிஷ் பாணி இன்னொன்றில். இன்று அது ஹோட்டல். வெறும் ஆடம்பரம் என்று இதை ஒதுக்குகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. நாம் பட்டுப்புடவை எடுக்கும்போது கடை விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதில்லையா? மொத்த வியாபாரியும் அப்படித்தான் பார்ப்பான். அதனால் அகலமான ஜன்னல், படியேறி வரும் பெரிய வாசல், விற்பனைக் கூடம். மூட்டை கட்டி அழுத்தும் வேலை எல்லாம் கண்ணில் படாமல் அடித்தளத்தில். வாங்க வருபவனுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக இத்தாலிய வணிகர் மாளிகைகளைப் பார்த்து முகப்பு கட்டினார்கள். மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் பகுதியின் துணிக்கு மிகப் பெரிய சந்தை இந்தியா. நம் நெசவாளர்களின் தறியை ஓயவைத்த துணி இப்படிப்பட்ட கூடங்களில்தான் விலை பேசப்பட்டது என்பதை மறந்துவிட்டு அந்த முகப்பை என்னால் பார்க்க முடிவதில்லை.

## எஃகு வந்த பிறகு

1856-இல் ஹென்றி பெஸ்ஸமர் எஃகை மலிவாகத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமுக்கம், இழுவிசை இரண்டையும் சமமாகத் தாங்கும் பொருள் அது. கிடங்கு கட்டுபவர்கள் அதை முழுதாக நம்பக் கொஞ்ச காலம் பிடித்தது. விக்டோரியா இறந்த 1901-இல் லிவர்பூலின் ஸ்டான்லி டாக்கில் முடிந்த புகையிலைக் கிடங்கில் 14 மாடி, 2 கோடியே 70 லட்சம் செங்கல், 8,000 டன் எஃகு. புகையிலைப் பீப்பாயின் உயரத்துக்கு அளவெடுத்துப் போட்டதால் மாடிகளின் உயரம் ஏழடியைச் சுற்றித்தான். நடுப்பகுதிக்கு வெளிச்சமே போகாது. பின்னாளில் அதை வீடுகளாக மாற்றியவர்கள் நடுவைக் குடைந்தெடுத்து முற்றம் ஆக்க வேண்டியிருந்தது.

ஆல்பர்ட் டாக் 1972-இல் மூடப்பட்டு, சேறு நிறைந்து கிடந்து, 1980-களில் மீண்டு வந்தது. டன் கணக்கில் சரக்கு தாங்கிய மாடிகளில் இப்போது அருங்காட்சியகமும் வீடுகளும் கடைகளும்.

பிரிட்டனின் பழைய ஆலை, கிடங்குத் தெரு எதிலாவது நடக்க நேர்ந்தால், உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை. வெளிச்சுவரை அண்ணாந்து பாருங்கள். செங்கல்லுக்கு நடுவில் சோற்றுத் தட்டு அளவுக்கு இரும்பு வட்டமோ, நட்சத்திரமோ, சிலுவையோ வரிசையாகப் பதிந்திருக்கும். அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். உள்ளே ஓடும் இழுகம்பி சுவரைத் துளைத்து வெளியே வந்து, திருகால் இறுக்கப்பட்டு நிற்கும் முனை அது. ஒரு வரிசை வட்டம் என்றால் உள்ளே அந்த உயரத்தில் ஒரு தளம்.